கணுக்கால் முறிவு: மாவுக்கட்டா, பூட்ஸா, புத்தூர்க் கட்டா?

கணுக்காலில் எலும்பு முறிந்தது என்றதுமே தகடு, ஸ்க்ரூ என்று வீடு கலங்கிவிடுகிறது. வெளிக்கணு மட்டும் விலகாமல் முறிந்து, உட்பக்க ஜவ்வு கிழியாமல் இருந்தால் பெரும்பாலும் கத்திக்கு வேலை இல்லை. காலை ஊன்றி நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயிலும் மூட்டு நகரவில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் எந்தக் கட்டு என்ற கேள்வியே வரும்.

மாவுக்கட்டு மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும். நினைத்தபோது கழற்ற முடியாது என்பதே அதன் பலம். சொன்னபடி கேட்காத ஆளுக்கு அதுதான் சரி. ஆறு வாரம் கழித்துப் பிரித்தால் கெண்டைக்கால் சூம்பியிருக்கும், பாதம் மடங்க மறுக்கும். நடுவில் அரிப்பு வேறு. அடி ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண்ணே தனி வைத்தியம் கேட்கும்.

கழற்றி மாட்டும் கெட்டியான பூட்ஸும், கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் பிரேஸும் விலை கூடுதல். ஆனால் கால் கழுவலாம், பாதத்தை மேலும் கீழும் அசைத்துப் பழக்கலாம். பின்லாந்தில் மூட்டு நகராத இத்தகைய முறிவு கொண்ட 247 பேரிடம் ஆறு வாரக் கட்டு, மூன்று வாரக் கட்டு, மூன்று வாரச் சாதாரண பிரேஸ் ஆகியவற்றை ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் குறுகிய காலச் சிகிச்சை எதுவும் ஆறு வாரக் கட்டுக்குக் குறைந்துபோகவில்லை. மருத்துவர் அனுமதித்தால் நான் பிரேஸ் பக்கம்தான்.

மூட்டு நிலைகுலைந்த முறிவின் கதை வேறு. அறுபது தாண்டிய 620 பேரிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், மயக்கமருந்து கொடுத்து, காலோடு ஒட்டினாற்போல் போட்ட கட்டு, ஆறு மாதத்தில் அறுவைக்கு நிகரான நடமாட்டத்தைத் தந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்தது கட்டு போட்டவர்களிடம் அதிகம். புண் சீழ்பிடித்தது அறுவையில் அதிகம். முதியவர் வீட்டார் இரண்டையும் கேட்டுவிட்டே முடிவெடுக்க வேண்டும்.

மூங்கில் தப்பை வைத்து நாட்டு வைத்தியர் போடும் புத்தூர்க் கட்டின் கைராசியைச் சொல்லக் கேட்டு வண்டி பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் சேரும், பெயர் வைத்தியருக்குப் போகும். கணுக்கால் மூட்டு சிறிது பிசகிச் சேர்ந்தாலும் பிற்காலத்தில் தேய்மானம் வரலாம் என்பதால் அந்தப் பரீட்சை எனக்கு உவப்பில்லை. மூங்கில் தப்பையோ மாவோ, கட்டியபின் விரல்கள் நீலம் பாய்ந்தாலும், மரத்தாலும், வலி ஏறிக்கொண்டே போனாலும் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய்க் கட்டைப் பிரிக்க வேண்டும்.