நான்லோகலா, லிஸ்ட்டா, கிளாஸா?

பைத்தான் நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் வைத்து அழைக்கும் நிரல் துண்டு) இன்னொரு ஃபங்ஷன். வெளியே 'எண்' என்ற மாறியில் 0 இருக்கிறது. உள்ளே இருக்கும் ஃபங்ஷன் ஒவ்வொரு அழைப்பிலும் அதில் ஒன்று கூட்ட வேண்டும். எண்ணை அச்சிட மட்டும் சொன்னால் ஒழுங்காக வேலை நடக்கும். 'எண் += 1' என்று எழுதி ஓட்டினால் அன்பவுண்ட்லோக்கல்எரர் (உள்ளூர்ப் பெயருக்கு இன்னும் மதிப்பு இல்லை என்ற பிழை) வந்து நிற்கும். புதிதாகக் கற்பவர்கள் திகைத்துப்போவது இங்கேதான்.

பெயரைத் தேடும் வரிசை எளிது: முதலில் அந்த ஃபங்ஷன், அடுத்து அதைச் சூழ்ந்த ஃபங்ஷன், பிறகு மாட்யூல் (அந்த நிரல் கோப்பு), கடைசியில் பில்ட்-இன் (பைத்தானுடனே வரும் பெயர்கள்). ஆனால் ஃபங்ஷனுக்குள் மதிப்பு கொடுக்கும் பெயர் அதன் உள்ளூர்ப் பெயர்; இது கம்பைல் ஆகும்போதே, அதாவது ஓடுவதற்கு முன்பே, முடிவாகிவிடுகிறது. பத்தாவது வரியில் மதிப்பு கொடுத்திருந்தாலும் அந்தப் பெயர் ஃபங்ஷன் முழுவதற்கும் உள்ளூர்தான். முதல் வரியில் அதைப் படிக்கப்போனாலே பிழை.

பைத்தான் 2 காலத்தில் இதற்குப் பலரும் பிடித்த வழி லிஸ்ட், அதாவது மதிப்புகளின் பட்டியல். எண் = [0] என்று வைத்துக்கொண்டு, உள்ளே எண்[0] += 1 என்று எழுதுவார்கள். பெயருக்குப் புது மதிப்பு தரவில்லை, அது சுட்டும் பொருளின் உள்ளடக்கம்தான் மாறுகிறது, அதனால் தப்பிக்கிறது. ஆனால் ஓர் எண்ணுக்கு எதற்கு லிஸ்ட் என்று படிப்பவர் குழம்புவார். இன்று புதிதாக எழுதுபவர்கள் இதைக் கைவிட வேண்டும்.

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0 நான்லோகல் (nonlocal) என்ற சொல்லைக் கொண்டுவந்தது; பெயர் சூழ்ந்த ஃபங்ஷனுடையது என்று அது சொல்லும். உள் ஃபங்ஷனில் 'நான்லோகல் எண்' என்று ஒரு வரி போதும். பெயர் மாட்யூலுடையது என்று சொல்லும் குளோபலைவிட இது எனக்குப் பிடிக்கக் காரணம் அதன் கண்டிப்பு. பெயரில் ஓர் எழுத்துப் பிழை விட்டால், குளோபலோ, அந்தப் பெயருக்கு மதிப்பு கொடுத்ததும் மாட்யூலில் புதிய மாறி ஒன்றைச் சத்தமில்லாமல் உருவாக்கிவிடும்; நான்லோகலோ, சூழ்ந்த ஃபங்ஷன்களில் அந்தப் பெயர் இல்லையென்றால் ஓடுவதற்கு முன்பே சிண்டாக்ஸ்எரர் (இலக்கணப் பிழை) தந்து நிறுத்திவிடும். வெளி ஃபங்ஷனை இரண்டு முறை அழைத்தால் இரண்டு தனித்தனி எண்கள் கிடைக்கும். ஒன்றின் கணக்கு மற்றதில் கலக்காது.

எண்ணை மறுபடி 0 ஆக்க வேண்டும், வெளியிலிருந்து பார்க்கவும் வேண்டும் என்று தேவைகள் கூடினால், தரவையும் அதைக் கையாளும் ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைக்கும் கிளாஸுக்கு மாறிவிடுவதே நல்லது. ஒரே மாறிக்காக மூன்று உள் ஃபங்ஷன்கள் எழுதும் நிலை வந்தால் நான் தயங்க மாட்டேன். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: கிளாஸின் உடலில் வைத்த பெயர், மெத்தடுகளின் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்கள்) தேடல் வரிசையில் வராது. மெத்தடுக்குள் அந்தப் பொருளைக் குறிக்கும் 'செல்ஃப்' போட மறந்து 'எண் += 1' என்று எழுதினால் அதே அன்பவுண்ட்லோக்கல்எரர்தான்.