லார்ட்ஸ்ல மிடில்செக்ஸ் மேட்ச் பாக்கப் போனோம், அப்படியே ஒரு கேள்விக்கும் பதில் தேடிட்டு வந்தோம்

லண்டனோட வடமேற்கு ஓரத்துல இருக்குற ஹாரோவுக்கு குடி வந்து பதினோரு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல வீட்டு ஓனர் அட்ரஸ் எழுதிக் குடுத்தப்பவே கடைசியில 'ஹாரோ, மிடில்செக்ஸ்'னுதான் இருந்துச்சு, நானும் அதையே ஊருக்கு அனுப்புற பார்சல்ல இருந்து பேங்க் வரைக்கும் எழுதிட்டு வந்தேன். ஆனா கவுன்சில் டாக்ஸ் பில்லுல 'லண்டன் பரோ ஆஃப் ஹாரோ' (பரோன்னா லண்டனுக்குள்ள ஒரு உள்ளாட்சிப் பகுதி). போன வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி ஃபார்ம்ல கவுண்ட்டிய (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி) செலக்ட் பண்ணாம அடுத்த பக்கமே போக விடல, லிஸ்ட்ல கிரேட்டர் லண்டனும் இருக்கு மிடில்செக்ஸும் இருக்கு, ஒண்ண போட்டா அட்ரஸ் மேட்ச் ஆகலன்னு லெட்டர் வருது, மூணு வாரம் அலைய விட்டாங்க. பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்த பையன் (பத்து வயசு) கேட்டான், எசெக்ஸ் மேப்ல இருக்கு, மிடில்செக்ஸ் எங்கப்பா இருக்கு?

இல்லடா, அந்தக் கவுண்ட்டிய 1965 ஏப்ரல் 1 அன்னிக்கே எடுத்துட்டாங்கன்னு சொன்னேன். பெரும்பகுதி கிரேட்டர் லண்டனுக்குள்ள போயிடுச்சு, ஸ்டெயின்ஸும் சன்பரியும் சர்ரேவுக்கு, பாட்டர்ஸ் பார் ஹெர்ட்ஃபோர்ட்ஷையருக்கு. அப்போ ஏன் இன்னும் எழுதுறோம்னான். சரி, அந்தப் பேரு இன்னும் உயிரோட விளையாடுற இடத்துக்கே கூட்டிட்டுப் போவோம்னு லார்ட்ஸ் கிரவுண்டுல மிடில்செக்ஸ் கவுண்ட்டி மேட்ச்சுக்கு ஒரு நாள் டிக்கெட் போட்டேன்.

முதல்ல போற வழி. ஹாரோ ஆன் தி ஹில்ல மெட்ரோபாலிட்டன் லைன் புடிச்சு ஃபின்ச்லி ரோடுல இறங்கி ஜூபிலி மாறுனா ரெண்டாவது ஸ்டாப் செயின்ட் ஜான்ஸ் வுட், அங்கிருந்து நடை தூரம். டெஸ்ட் மேட்ச் டிக்கெட்டுக்கு குடுக்குற காசுல சின்ன பங்குதான் ஆச்சு, சீட் நம்பர் கவலையும் இல்ல, திறந்திருந்த ஸ்டாண்டுல புடிச்ச இடத்துல உக்காந்தோம். கையில இட்லியும் மிளகாப்பொடியும் கட்டிட்டுப் போனோம். வெயில் இருந்தாலும் நிழல் பக்கம் குளிர் எலும்ப தொடும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க.

கூட்டம் கம்மி, அதுதான் அழகே. பந்து பேட்ல படுற சத்தம் தெளிவா கேக்குது. கிரவுண்டு ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் கிட்டத்தட்ட 2.5 மீட்டர் சரிவு, டிவில தெரியாது, நேர்ல பாத்தா பந்து தானா உருண்டு ஓடுது. எதிர்ல காம்ப்டன் ஸ்டாண்டு, எட்ரிச் ஸ்டாண்டு, ரெண்டு பேருமே மிடில்செக்ஸ் ஆளுங்க, 1947ல ஒரே சீசன்ல காம்ப்டன் 3,816 ரன், 18 செஞ்சுரி, அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பும் இவங்களுக்குத்தான். இதெல்லாம் பையனுக்கு சொல்லிட்டே இருந்தேன், அவன் கண்ணு முழுக்க பிளேயரோட பேட்ஜ்ல இருந்த மூணு வாள் மேலதான் இருந்துச்சு. அது சாக்ஸன் வாள், கவுண்ட்டியோட முத்திரையும் அதேதான். ஈஸ்ட் சாக்ஸன் எசெக்ஸ் ஆன மாதிரி நடுவுல இருந்த சாக்ஸன் ஆளுங்களோட மண்ணு மிடில்செக்ஸ்னு சொன்னதும்தான் அவனுக்கு விஷயம் புடிபட்டுச்சு.

பின் வரிசையில ஒரு பெரியவர், எழுபது தாண்டியிருக்கும், ஸ்டெயின்ஸ்ல இருந்து வந்திருந்தார். அவர் ஊரு அறுபது வருஷமா சர்ரே, ஆனா சர்ரே டீம பேரு சொல்லக்கூட மாட்டேங்குறார், தேம்ஸ்க்கு வடக்க பொறந்தவன் மிடில்செக்ஸ்தான், ஆத்த யாரும் நகத்தி வைக்கலையேன்னு சொன்னார். எனக்கு அந்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கிச்சு. 2016ல யார்க்‌ஷையர இதே கிரவுண்டுல கடைசி நாள் ஹாட்ரிக் எடுத்து ஜெயிச்சு, 1993க்கு அப்புறம் கப்பு வாங்குனாங்கல்ல, அத சொல்றப்ப அவர் குரலே மாறிடுச்சு.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. லார்ட்ஸ் இருக்குற ஏரியாவே 1889ல மிடில்செக்ஸ்ல இருந்து பிரிச்சு லண்டன் கவுண்ட்டிக்கு குடுத்துட்டாங்க. கிளப் ஆரம்பிச்சது 1864, லார்ட்ஸ்க்கு வந்தது 1877. அதாவது சொந்தக் கவுண்ட்டி மண்ணுல லார்ட்ஸ்ல ஆடுனது வெறும் 12 வருஷம், மிச்சமெல்லாம் வெளிய இருந்துதான். அப்படியும் பேர விடல. கவுன்சில் பண்ணாத வேலைய கிரிக்கெட் டீம் பண்ணிட்டு இருக்கு, அதுக்காகவே எனக்கு இந்த கிளப் மேல மரியாதை வந்துடுச்சு.

அதே மாதிரி தபால் ஆபீஸும். 1965க்கு அப்புறமும் அட்ரஸ்ல மிடில்செக்ஸ மாத்தல, 1996லதான் கவுண்ட்டி எழுதத் தேவையில்லைன்னு விட்டாங்க. எண்பதுகள்ல இலங்கையில இருந்து வந்து வெம்பிளி, ஹாரோ பக்கம் தங்குன அண்ணன்மார்களுக்கு அதனாலதான் அந்தப் பேரு கையோட வந்துடுச்சு, இன்னிக்கும் கல்யாண கார்டுலயும் ஆல்பர்டன் கோயில்ல தர்ற அர்ச்சனை ரசீதுலயும் பாத்தா பழக்கத்துல அதையே எழுதுறாங்க. நடு லண்டன் பக்கம் கேட்டா யாருக்கும் அந்த ஒட்டுதல் இல்ல, ஆனா ஹாரோ, பின்னர் (Pinner), அக்ஸ்பிரிட்ஜ், ஸ்டெயின்ஸ் பக்கம் நிஜமாவே இருக்கு. எங்க ஹாரோல ஒரு காரணம் கூடுதல், 1965ல பரோ எல்லையக்கூட மாத்தாம அப்படியே லண்டனுக்குள்ள சேத்தாங்க, அதனால ஊரு ஊராவே இருந்துச்சு, வெளிப்பேரு மட்டும் மாறிச்சு. நான் லண்டன்ல இருக்கேன்னு சொன்னா சென்னையில இருக்குறவங்களுக்கு சீக்கிரம் புரியும், அதுக்காக இங்க இருக்குற எங்களுக்குள்ள லண்டன்ங்குற பேரு ஒட்டல.

குழந்தையோட போறவங்க நாலு நாள் மேட்ச்சோட முதல் நாளுக்கு போங்க, கடைசி நாள் சீக்கிரமே முடிஞ்சிடலாம். டீ பிரேக்குல மியூசியம் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. கடையில பையன் கேட்டது தொப்பிதான், மூணு வாள் போட்டது, வாங்கிக் குடுத்தேன். அவன் பர்த்டே இன்விடேஷன் கவர்ல இந்த வருஷம் அட்ரஸ் அவனே எழுதுறான், மிடில்செக்ஸ்னு முழுசா.