மெனு கார்டில் வர்ணனையா, விவரமா?

மதுரையில் எங்கள் கடைக்கு மெனு கார்டு புதிதாக அச்சடித்தபோது, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கீழே ஒரு வரி எழுத முடிவு செய்தோம். வர்ணித்து எழுதுவதா, விவரம் சொல்வதா என்று வீட்டிலேயே இரண்டு கட்சி. நான் விவரத்தின் பக்கம், கார்டும் அப்படித்தான் வந்திருக்கிறது.

மட்டன் சுக்காவையே எடுத்துக்கொள்வோம். வர்ணித்தால், ‘பாரம்பரிய மணம் கமழும், நாவூற வைக்கும் சுக்கா.’ விவரம் சொன்னால், ‘எலும்போடு வெள்ளாட்டுக்கறி, சின்ன வெங்காயம், மிளகு. சுருள வதக்கியது. காரம் தூக்கல்.’ முதல் வரியைக் கோழி வறுவலுக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். இரண்டாவதைப் படித்தவர் எலும்பு இருக்குமா, குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று சர்வரைக் கூப்பிட வேண்டியதில்லை.

வர்ணனைக்கும் பலம் உண்டு. 2017-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில், அங்குள்ள உணவகத்தில் ஒரே காய்கறிக்கு ஆசை காட்டும் பெயர் வைத்த நாட்களில், வெறும் பெயர் வைத்த நாட்களைவிட 25% கூடுதல் பேர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் பீட்ரூட்டுக்கு அவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள், அதில் மிளகாயும் எலுமிச்சையும் இருந்தன. விவரம் அங்கேயும் உள்ளே நுழைந்துவிட்டது.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. வர்ணனையை அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது. மாஸ்டர் மாறினாலும் மசாலா மாறினாலும் அந்த வரிக்குக் கேடில்லை. விவரம் எழுதினால், அச்சடித்த ஒவ்வொரு சொல்லையும் அடுப்படி தினமும் காப்பாற்ற வேண்டும். அந்தக் கட்டாயம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மீனில்தான் பெரிய சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை. நாட்டுப்படகு மீனை நம்பி இருக்கும் அந்த நாட்களில் வஞ்சிரம் விலை எகிறிவிடும். கார்டில் வஞ்சிரம் என்று போட்டுவிட்டு வேறு மீனை வைத்தால், மீன் தெரிந்தவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார், அப்புறம் சுக்காவையும் சந்தேகப்படுவார். அதனால் மீன் குழம்புக்குக் கீழே மாறாததை மட்டும் எழுதினோம்: புளி, வறுத்து அரைத்த மசாலா, நல்லெண்ணெய், மிதமான காரம். இன்றைக்கு என்ன மீன் என்பது, காலையில் மீன் வந்தபிறகு வாசல் கரும்பலகையில்.

நாட்டுக்கோழிக்கும் இதே கணக்குதான். கிடைக்காத நாளில் அந்த அயிட்டமே கிடையாது, பிராய்லரைப் போட்டுச் சமாளிப்பதில்லை. விலை ஏறினாலும் அதையே வாங்குவோம் என்ற உறுதி இல்லாதவர்கள் ‘நாட்டுக்கோழி’, ‘செக்கு எண்ணெய்’ என்றெல்லாம் எழுதாமல் இருப்பதே நல்லது. இந்தக் கெடுபிடியில் ஒரு லாபமும் இருக்கிறது: புதிதாகச் சேரும் மாஸ்டரிடம் கார்டைக் கொடுத்து, இப்படித்தான் வர வேண்டும் என்று சொல்லிவிடலாம்.

டெலிவரி ஆப்பில் எங்களுக்கு அனுபவம் குறைவு. அங்கே படம்தான் முதலில் கண்ணில் படுகிறது, கீழே இருக்கும் வரியை எத்தனை பேர் படிக்கிறார்களோ. வரியை நினைத்தபோது மாற்றலாம் என்பதால், அங்கே மட்டும் அன்றைய மீனின் பெயரையும் சேர்த்து எழுதுகிறோம்.