501-வது யூனிட்: இபி மீட்டரை ஹோம் அசிஸ்டன்ட்டோடு சேர்த்த அனுபவம்

தமிழ்நாட்டு கரண்ட் பில்லில் 500 என்ற எண்ணுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் பில் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2.25 ரூபாய் என்ற சலுகை போய், அவையும் 4.50-க்குக் கணக்காகிவிடும் என்பதுதான் காரணம். அதற்குப் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன. ஆனால் நான் வீட்டில் இந்த அளவீட்டு வேலையில் இறங்கியது அந்த 233 ரூபாய்க்காகத்தான். அப்புறம் சில வருடங்கள் ஓடிவிட்டன. எது நிலைத்தது, எதைக் கழற்றி வைத்தேன் என்று எழுதலாமென்று தோன்றியது.

வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து கண்காணித்து இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்ட், ஏற்கெனவே ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரத்தை அளக்க பிசெம்-004டி மாட்யூலும், அதை வைஃபையில் சேர்க்க ஒரு நோட்எம்சியூ போர்டும் வாங்கினேன். மெயின் ஸ்விட்சைத் தாண்டி வரும் ஃபேஸ் வயரைச் சுற்றி, அதில் ஓடும் கரண்ட்டை உணரும் சிடி வளையத்தை மாட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வளையத்துக்குள் விட்டால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். மாட்யூலுக்கு 230 வோல்ட் இணைப்பும் வேண்டும் என்பதால் எலக்ட்ரீஷியனை வைத்தே மாட்டினேன். இபி மீட்டரின் சீல் பக்கம் கையே போகக் கூடாது, அது வாரியத்தின் சொத்து. இந்த மாதிரி போர்டுகளை ஹோம் அசிஸ்டன்ட்டோடு பேச வைக்கும் ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் சில வரி எழுதியதும் வோல்டேஜ், ஆம்பியர், வாட், யூனிட், பவர் ஃபேக்டர் எல்லாம் பத்து விநாடிக்கு ஒரு முறை வந்து விழ ஆரம்பித்தன.

நம் கணக்கும் இபி கணக்கும் ஒத்துப்போகுமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இபி மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு எல்இடி சிமிட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் மீட்டரில் அதன் பக்கத்தில் 3200 இம்ப்/கிலோவாட் அவர் என்று அச்சடித்திருக்கிறது. அதாவது 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட், ஒரு சிமிட்டலுக்கு 0.3125 வாட் அவர். அந்த எல்இடி மேல் ஒரு ஒளி சென்சாரை ஒட்டி, சிமிட்டலை எண்ண விட்டேன். மீட்டரைத் தொடாமல் மீட்டரின் சொந்தக் கணக்கையே எடுக்கும் வழி இது. நிமிடத்துக்கு வரும் சிமிட்டலை 18.75-ஆல் பெருக்கினால் வாட் வந்துவிடும். மாலை வெயில் மீட்டர் பெட்டியில் அடிக்கும் வீடாக இருந்தால் சென்சாரைச் சுற்றிக் கறுப்பு டேப் அவசியம், இல்லையென்றால் சூரியனுக்கும் பில் போடும். பிசெம்மின் துல்லியம் 0.5 சதவீதம் என்கிறார்கள். 500 யூனிட்டில் அது இரண்டரை யூனிட். என் வீட்டிலும் வித்தியாசம் அந்த அளவில்தான் நிற்கிறது. அதனால் எச்சரிக்கையை 490-ல் வைத்திருக்கிறேன்.

மென்பொருள் பக்கம் வந்தால், நம் ஊர் வழக்கத்துக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டுக்கும் இரண்டு இடங்களில் முட்டிக்கொள்ளும். முதலாவது, பில் சுழற்சி. யூனிட்டைச் சுழற்சி வாரியாக எண்ணும் யூட்டிலிட்டி மீட்டர் வசதியில் இரண்டு மாதச் சுழற்சி இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அது ஜனவரி, மார்ச், மே என்று ஒற்றைப்படை மாதங்களில்தான் பூஜ்யத்துக்குத் திரும்பும். எங்கள் தெருவுக்கு ரீடிங் இரட்டைப்படை மாதம். கிரான் என்ற நேர அட்டவணை முறையில் மாதங்களை எழுதிக்கொடுத்துச் சமாளிக்கலாம். ஆனால் ரீடிங் எடுக்க வருபவர் சரியாக அதே தேதியில் வருவார் என்று சொல்ல முடியாதே. கடைசியில் தானாகத் திரும்பும் ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, முகப்பில் ஒரு பொத்தான் வைத்தேன். அவர் வந்துபோனதும் வீட்டில் யாராவது அமுக்கிவிடுவார்கள். இதைவிட நம்பகமான ஆட்டோமேஷன் இன்றுவரை எனக்கு அமையவில்லை.

இரண்டாவது, விலை. எனர்ஜி டாஷ்போர்டு ஒரு யூனிட்டுக்கு என்ன விலை என்று கேட்கும். நாம் எதைச் சொல்வது? 2022 கட்டணப்படி முதல் நூறு இலவசம், அடுத்த நூறின் விலை மொத்தம் எவ்வளவு ஓடியது என்பதைப் பொறுத்தது. அங்கே விலையைக் காலியாக விட்டுவிட்டு, மொத்த யூனிட்டிலிருந்து ரூபாயைக் கணக்கிடும் டெம்ப்ளேட் சென்சார் (நாமே சூத்திரம் எழுதும் மென்பொருள் சென்சார்) ஒன்றைத் தனியாக எழுதுவதுதான் எனக்குச் சரிப்பட்ட வழி. 500 வரை ஒரு கணக்கு, தாண்டினால் இன்னொன்று. அதோடு ‘இதே வேகத்தில் போனால் சுழற்சி முடிவில் எத்தனை யூனிட்’ என்று ஒரு சென்சார். கூடத்து டேப்லெட்டில் இப்போது இருப்பது இந்த இரண்டு எண்கள் மட்டுமே. முதலில் வைத்திருந்த வண்ண வண்ண வரைபடங்களை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஏப்ரல், மே வந்தால் மட்டும் என் மனைவி, “ஏங்க, இந்தத் தடவை ஐந்நூறு தாண்டிடுமா?” என்று அந்த எண்ணைப் பார்த்துக் கேட்பார்.

பணம் மிச்சமானது பெரிய சாமான்களில் இல்லை. ஏசியும் கீசரும் எவ்வளவு தின்னும் என்று மீட்டர் வைக்காமலே தெரியும். விடியற்காலை மூன்று மணிக்கு வீடே தூங்கும்போது ஓடும் வாட்தான் எனக்குப் புதுச் செய்தி. பத்து வாட் விடாமல் ஓடினால் அறுபது நாளில் 14.4 யூனிட். செட்டாப் பாக்ஸ், இரண்டாவது ரவுட்டர், யாரும் பயன்படுத்தாத மியூசிக் சிஸ்டம் என்று தேடித் தேடி ஐம்பது வாட் குறைத்தால் 72 யூனிட் ஆச்சு. எழுபத்தைந்து வாட் மின்விசிறிகளை எடுத்துவிட்டு முப்பது வாட் பிஎல்டிசி மாட்டியதையும் சேர்த்து, கோடை தவிர மற்ற சுழற்சிகளில் 500 என்ற பயமே போய்விட்டது.

எதிர்பாராத லாபம் போர் மோட்டார். அதன் லைனில் தனியாக இன்னொரு பிசெம் போட்டேன். இரண்டும் மோட்பஸ் என்ற ஒரே தகவல் இணைப்பில் இருப்பதால் முகவரியை மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு எச்பி மோட்டார் தண்ணீர் ஏற்றும்போது 1100 வாட்டை ஒட்டி நிற்கும். போரில் தண்ணீர் இறங்கி வெறுமனே சுற்ற ஆரம்பித்தால் வாட் சட்டென்று படுத்துவிடும். இருபது விநாடிக்கு மேல் 700-க்குக் கீழே இருந்தால் மோட்டாரை நிறுத்திவிட்டு டெலிகிராமில் செய்தி அனுப்பு என்று ஒரு விதி. சின்ன ரிலேவில் மோட்டாரை நேரடியாகக் கொடுக்காதீர்கள், கருகிவிடும். ரிலே, அதிக கரண்ட்டைத் தாங்கும் கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்சை இயக்க வேண்டும், கான்டாக்டர்தான் மோட்டாரை இயக்க வேண்டும். “மோட்டார் தானா நின்னுடுச்சுப்பா, டேங்க் நிரம்பவே இல்லையே” என்று அம்மா முதல் முறை பதறினார். ஒரு தடவை மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டும் செலவு மிச்சமானாலே இதுவரை வாங்கிய எல்லாவற்றுக்கும் சரியாகிவிடும்.

கழற்றி வைத்தவை: லோடு ஏறினால் கீசரை அணைக்கும் விதி (குளித்துக்கொண்டிருந்தவர் போட்ட சத்தம் காரணம்), பிறகு குரலில் யூனிட் அறிவிக்கும் ஸ்பீக்கர்.

புதிதாக மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரண்ட் போய்த் திரும்பும்போது சென்சார் ஒரு கணம் 0 அனுப்பினால், மீட்டர் புதிதாக ஆரம்பித்துவிட்டது என்று ஹோம் அசிஸ்டன்ட் எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் ரீடிங்கில் இருக்கும், அதுவரை சேர்ந்த நாலாயிரம் யூனிட்டையும் அந்த ஒரு மணி நேரத்தின் தலையில் கட்டும். பூஜ்யத்தை ஈஎஸ்பிஹோமிலேயே வடிகட்டிவிடுங்கள். வந்துவிட்டால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் திருத்தலாம்.

நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரிலேயே பி1 என்று வாடிக்கையாளருக்காக ஒரு போர்ட் இருக்கிறது. புது மீட்டர்களில் விநாடிக்கு ஒரு முறை தகவல் வரும். ஒரு கேபிளைச் செருகினால் வேலை முடிந்தது. இங்கே அந்த வசதி கிடைக்கும்வரை சிடி வளையமும் எல்இடி சென்சாரும்தான் வழி. மாடியில் சோலார் போட்டு நெட் மீட்டர் வைத்திருப்பவர்கள் பிசெம் வாங்க வேண்டாம். மின்சாரம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று அதற்குத் தெரியாது. த்ரீ ஃபேஸ் வீட்டுக்கும் மூன்று மாட்யூலோடு மல்லுக்கட்டுவதைவிட ஷெல்லி நிறுவனத்தினுடையது மாதிரி திசை காட்டும் ரெடிமேட் மீட்டர் எளிது, விலைதான் கொஞ்சம் அதிகம். அபார்ட்மென்டில் மீட்டர்கள் கீழ்த்தளத்தில் வரிசையாக இருக்கும், வைஃபை எட்டாது. அவர்கள் எல்இடியை மறந்துவிட்டு, தங்கள் வீட்டு டிபி பாக்ஸில் (மின் பகிர்வுப் பெட்டியில்) வளையத்தை மாட்டிக்கொள்ளலாம்.