ஏ.ஐ. ஏஜென்ட் கையில் என் பவர் மீட்டர் ஃபைல்கள்: பத்து மாத அனுபவம்

பத்து மாதமாக என் சைக்கிள் பவர் மீட்டர் (மிதிக்கும் திறனை வாட்டில் அளக்கும் சென்சார்) ஃபைல்களை நானே திறந்து பார்ப்பது குறைந்துவிட்டது. கமாண்ட் லைனில் ஓடும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் கருவி, அதை இயக்க ஒரு ஏ.ஐ. ஏஜென்ட், அவ்வளவுதான். "நேற்று ஓட்டியது எப்படி, நாளைக்குக் கடுமையாக ஓட்டலாமா?" என்று கேட்டால் ஏஜென்ட் கருவியை ஓடவிட்டு, அது தரும் ஜேசனை (முடிவுகள் அடங்கிய டெக்ஸ்ட் வடிவம்) படித்துப் பதில் சொல்லும். கருவியின் கணக்கு இதுவரை பிசகியதில்லை. என்னைப் படுத்தியெடுத்தது அதோடு வந்த ஆவணம். எனக்குப் புரிந்தது, ஏஜென்ட்டுக்குப் புரியவில்லை. அதனால் ஏஜென்ட் படிப்பதற்கென்றே தனியாக ஒரு குறிப்பு ஃபைல் எழுத ஆரம்பித்தேன். அது இன்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

முதல் வாரத்திலேயே ஒரு கூத்து. கருவி பக்கத்திலேயே இருக்க, ஏஜென்ட் தானாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி, ஓட்டம் பதிவாகும் ஃபிட் (FIT) ஃபைலை பைட் பைட்டாகப் பிரித்து, என் அதிகபட்ச பவர் 65535 வாட் என்றது. கூடவே "அபாரமான ஸ்பிரிண்ட்!" என்று ஒரு பாராட்டு வேறு. ஃபிட் ஃபைலில் பவர் என்பது 16 பிட் எண், 65535 என்றால் அந்த நொடிக்கு மதிப்பு இல்லை என்று பொருள். சென்சார் சிக்னல் கொஞ்ச நேரம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் அந்த இடங்களையெல்லாம் பூஜ்யமாக்கிவிட்டது, இப்போது சராசரி சரிந்துவிட்டது! இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போது விழும் பூஜ்யம் நிஜம், அதைச் சராசரியில் சேர்க்கத்தான் வேண்டும். சிக்னல் போன இடம் வெறும் வெற்றிடம். இந்த வித்தியாசத்தை ஆவணத்தில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்தது நார்மலைஸ்டு பவர், அதாவது ஏற்ற இறக்கமான ஓட்டத்தின் கடுமையை ஒரே வாட் எண்ணில் சொல்லும் அளவு. ஒருநாள் பாதி வழியில் பேட்டரி தீர்ந்து, ஒரே ஓட்டம் இரண்டு ஃபைலாகப் பதிவானது. இரண்டின் நார்மலைஸ்டு பவரையும் கூட்டி இரண்டால் வகுத்துக் கொடுத்தது ஏஜென்ட். பார்வைக்குச் சரியான எண் போலத்தான் இருந்தது, அதுதான் ஆபத்து. 30 நொடி நகரும் சராசரி எடுத்து, ஒவ்வொன்றையும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, சராசரி கண்டு, நான்காம் மூலம் எடுப்பது அந்தக் கணக்கு. அரை மணி நேரம் 100 வாட், அடுத்த அரை மணி 300 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் வழியில் 200 வரும், உண்மையில் 253 அருகே. "ஃபைல்களை இணைத்த பிறகே கருவியை ஓட்டு" என்று மட்டும் எழுதினேன், இரண்டு நாளில் மறுபடி அதே தப்பு. காரணத்தையும் இந்த 100, 300 உதாரணத்தையும் சேர்த்து எழுதினேன், அதற்கப்புறம் வரவில்லை. வெறும் "செய்யாதே"க்கு இவை அடங்குவதில்லை என்பது என் அனுபவம்.

எஃப்.டி.பி. (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச பவர்) விஷயமும் இப்படித்தான். என் எஃப்.டி.பி. 225இலிருந்து 240 ஆனதும் பழைய ஓட்டங்களுக்கெல்லாம் புது எண்ணைப் போட்டுவிட்டது ஏஜென்ட். ஒன்றரை மணி நேரம், நார்மலைஸ்டு பவர் 210 என்றால், ட்ரெயினிங் ஸ்ட்ரெஸ் ஸ்கோர் (ஓட்டம் உடலுக்குத் தரும் சுமையின் அளவு) பழைய எஃப்.டி.பி.க்கு 131, புதியதற்கு 115. ஒரு ஓட்டத்தில் இது பெரிதில்லை, ஆனால் 42 நாள் சராசரியில் போய்ச் சேரும்போது உடற்தகுதி வரைபடமே இறங்கிவிடும். இப்போது எஃப்.டி.பி.யைத் தேதியோடு ஒரு அட்டவணையில் வைத்திருக்கிறேன்.

மூன்று மணி நேர ஓட்டம் என்றால் நொடிக்கு ஒரு வரியாக 10,800 வரி. அதை அப்படியே கொட்டினால் ஏஜென்ட் திணறும், சுருக்கத்தை மட்டும் கொடுங்கள். ஜி.பி.எஸ். பத்திகளையும் எடுத்துவிடுங்கள், பவர் கணக்குக்கு அவை வேண்டாம், வீடு எங்கே என்று ஊருக்கெல்லாம் சொல்லவும் வேண்டாம்.

கஷ்டமானது, "இதற்குத் தரவு போதாது" என்று ஏஜென்ட்டைச் சொல்லவைப்பது. முழு மூச்சாக மிதித்த சில நிமிட முயற்சிகள் இல்லாமல் கிரிட்டிகல் பவர் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய பவரின் உச்ச எல்லை) கணிக்க முடியாது. நான் ஒரு மாதம் நிதானமாக மட்டும் ஓட்டினேன், அதை வைத்தும் கணித்து, என் திறன் விழுந்துவிட்டதாகக் கவலைப்பட்டது. கடைசி 90 நாளில் 3 முதல் 20 நிமிடத்துக்குள் முழு முயற்சி இல்லையென்றால் எண்ணே சொல்லாதே என்று எழுதிவைத்தேன். அதோடு, பாராட்டாதே என்றும் ஒரு வரி.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. வீட்டுக்குள் ட்ரெயினர் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் சாதனம்), வெளியே பெடல் மீட்டர். இரண்டும் ஒரே உழைப்புக்கு ஒரே எண்ணைக் காட்டுவதில்லை, என்னுடையதில் ட்ரெயினர் கொஞ்சம் குறைத்தே காட்டும். வெளியே ஓட்டியதும் "முன்னேற்றம்" என்கிறது ஏஜென்ட். எந்தச் சாதனத்தில் அளந்தது என்ற தகவல் ஃபிட் ஃபைலில் இருக்கிறது, ஜேசனில் மட்டும் வருவதில்லை. அது வரும்வரை ஒவ்வொரு ஃபைல் பெயரிலும் "உள்ளே", "வெளியே" என்று கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.