கீசருக்கான தண்டு தெர்மோஸ்டாட்: பொருள் நல்லது, ஆனால் சோதித்துவிட்டு வாங்குங்கள் (5க்கு 4)

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் வேண்டிய அளவு சூடானதும் கீசரின் காயிலுக்கு, அதாவது சூடாக்கும் கம்பிச்சுருளுக்கு, கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச். இந்த ஸ்பேருக்கு ஒரு ஸ்டார் போட்டவர்களில் நிறையப் பேர் எழுதியிருப்பது ஒரே புகார்தான், மாற்றியும் தண்ணீர் சுடவில்லை என்று. சுடாததற்கு தெர்மோஸ்டாட்தான் காரணம் என்று முதலில் பார்த்தார்களா என்பதுதான் என் சந்தேகம். பாவம், செய்யாத குற்றத்துக்கு இந்தப் பொருள் திட்டு வாங்குகிறது.

எங்கள் வீட்டில் 25 லிட்டர், 2000 வாட் கீசர். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் இவ்வளவு தொல்லை இருக்காது, நாங்கள் ஏற்றுவது போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாக உப்பு படியும் ரகம். சில நாட்களாகக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாத கொதிப்பு, சேஃப்டி வால்வில் சொட்டு, அப்புறம் திடீரென்று விளக்கு அணைந்து ஒன்றுமே இல்லை. அடிமூடியைக் கழற்றி கட்-அவுட்டின் (சூடு எல்லை மீறினால் கரண்டை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) சின்ன ரீசெட் பட்டனை அழுத்தினால் உயிர் வரும், மறுபடி அதே கதை. கம்பெனி சர்வீஸ் ஆள் (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்) மூடியைக்கூடக் கழற்றாமல் டேங்க் போய்விட்டது, எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள் சார் என்றார். தெரிந்த எலக்ட்ரீஷியனோ கட்-அவுட்டைத் தூக்கிவிட்டு "டைரக்ட்" கொடுத்துவிடலாம் என்றார். தயவுசெய்து யாரும் இதற்குச் சம்மதிக்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால் காயிலை நிறுத்த மிச்சமிருப்பது அந்தக் கட்-அவுட் மட்டும்தான், அதுவும் இல்லாமல், சேஃப்டி வால்வும் உப்பில் அடைத்திருந்தால் டேங்க் வெடிக்கும்.

எது போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 25 டிகிரித் தண்ணீரை 60க்குக் கொண்டுபோக 25 லிட்டர் டேங்குக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும், செலவு ஏறக்குறைய ஒரு யூனிட். முக்கால் மணி தாண்டியும் ஹீட்டிங் விளக்கு எரிந்துகொண்டே இருந்து தண்ணீரும் கொதித்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரிகிறது, தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கிறது என்றால் காயிலைப் பாருங்கள். எம்.சி.பி.யை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 2000 வாட் காயில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அவுட். கீசரைப் போட்டதும் ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கும் ஸ்விட்ச்) விழுகிறதென்றால் பெரும்பாலும் காயிலிலிருந்து பாடிக்குக் கரண்ட் கசிகிறது, அதற்கு இந்த ஸ்பேரை வாங்கி ஒரு பயனும் இல்லை. தெர்மோஸ்டாட்டைச் சோதிக்க, டேங்க் ஆறியிருக்கும்போது டயலை மேலே திருப்பி இரண்டு டெர்மினலிலும் மீட்டரை வையுங்கள்: பீப் வரவேண்டும். சூடான தண்ணீரில் தண்டை முக்கினால் பீப் நிற்க வேண்டும். என்னுடையது நிற்கவே இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். வெளியே பித்தளைக் குழாய், உள்ளே சூட்டுக்கு அவ்வளவாக நீளாத இன்வார் என்ற உலோகக் கலவைக் கம்பி. குழாய் நீளும்போது கம்பி இழுபட்டு ஸ்விட்ச் விடும், இதுதான் மொத்த வேலையும். பழையதை ஆர்வக்கோளாறில் உடைத்துப் பார்த்தேன், காண்டாக்ட் புள்ளிகள் இரண்டும் கருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, கத்தி முனையால் நெம்பியதும் டக்கென்று விட்டுக்கொண்டது. தினமும் எட்டரை ஆம்பியருக்கு மேல் விட்டுவிட்டுப் போனால் ஒருநாள் இப்படித்தான் ஆகும். புதியதை மாட்டும் முன் ஆழமான பாத்திரத்தில் வெந்நீர் வைத்து தெர்மாமீட்டரோடு பார்த்தேன், 60ஐ ஒட்டிக் கட் ஆகி, கொஞ்சம் ஆறியதும் தானாகவே சேர்ந்தது. க்ளிக் சத்தமும் தெளிவாகக் கேட்கிறது. எங்கள் மாடலில் தண்டு தனிக் குழாய்க்குள் போவதால் டேங்கைக் காலி செய்யவும் தேவைப்படவில்லை.

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம் உண்டு. பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, டயலில் டிகிரி எண்கள் இல்லாமல் வெறும் அம்புக்குறி, டெர்மினல் ஸ்க்ரூவோ கொஞ்சம் அழுத்தித் திருகினாலே தலை வழுக்குகிறது. அங்கே வயர் லூசாக இருந்தால் சூடேறிக் கருகும், அதனால் நல்ல ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நிதானமாக முறுக்குங்கள்.

போர் தண்ணீர்க்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தண்டு போகும் குழாயின் மேல் உப்பு கெட்டியாகப் படிந்திருந்தால் சூடு உள்ளே ஏறத் தாமதமாகும், புதுத் தெர்மோஸ்டாட்டும் லேட்டாகத்தான் கட் ஆகும், அப்போதும் கட்-அவுட் விழும். அந்த நிலைமையில் பிளேஞ்சை (காயிலும் தண்டுக் குழாயும் பொருத்தியிருக்கும் தட்டு) கழற்றி உப்பைச் சுரண்டாமல் ஸ்பேரை மட்டும் மாற்றுவது தண்டச் செலவு. தண்டின் நீளத்தை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள், வெவ்வேறு நீளத்தில் வருகிறது, மாட்டிப் பார்த்துக் கீறல் விழுந்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.