ஜான்ஸ்டவுன் வெள்ள அருங்காட்சியகம்: முதலில் அணையைப் பாருங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறது ஜான்ஸ்டவுன். நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் சவுத் ஃபோர்க்கில் இருக்கும் தேசிய நினைவிடத்தில் உடைந்த அணையைப் பாருங்கள். அப்புறம் 14 மைல் கீழே ஜான்ஸ்டவுனுக்கு இறங்குங்கள். 1889 மே 31 அன்று அணை உடைந்து தண்ணீரும் இப்படித்தான் இறங்கியது.

அணையின் இரண்டு முனைகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. நடுவே பெரிய வாய். ஏரி கிடந்த இடத்தில் மரங்களும் ஒரு ரயில் பாதையும். பொதுப்பணித் துறையில் ஏரிக்கரை பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். அங்கே நின்றதும் வயிறு எரிந்தது. 72 அடி உயர மண் கரை அது. பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் அதை வாங்கியது. எஃகு அதிபர் கார்னெகி, நிலக்கரி அதிபர் ஃப்ரிக், வங்கி முதலாளி மெலன் எல்லாம் உறுப்பினர்கள். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பழைய இரும்புக்கு விற்றிருந்தார். கிளப் புதிதாகப் போடவில்லை. குதிரை வண்டிகள் போய்வர வசதியாகக் கரையின் தலையை இறக்கினார்கள். வளர்த்த மீன் தப்பிவிடக் கூடாதென்று உபரி நீர் வெளியேறும் கலிங்கில் கம்பி வலை! எங்கள் பிரிவில் கடைநிலை ஊழியரான ஒரு லஸ்கர்கூட இதற்குச் சம்மதிக்க மாட்டார். கீழே இரும்பாலை நடத்தியவர்கள் 1880இலேயே ஆளனுப்பிப் பார்த்துக் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. கடைசி நாள் காலையில் வலையை எடுக்கப் பார்த்தபோது குப்பை அடைத்து இறுகிவிட்டது. மண் கரைமேல் தண்ணீர் ஏறி வழிந்துவிட்டால் கதை முடிந்தது.

சரி, அருங்காட்சியகம். என்னை அதிக நேரம் நிறுத்தியது அந்தப் பள்ளத்தாக்கின் பெரிய புடைப்பு வரைபடம். வெள்ளம் வந்த பாதை விளக்கொளியில் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ஊரை எட்டிவிட்டது என்று படித்திருந்தாலும், மலைகளின் நடுவே அது வளைந்து வளைந்து வருவதைப் பார்த்தால்தான் ஊர்க்காரர்களுக்கு ஓட இடமே இல்லை என்பது உறைக்கும். வழியில் ஆலையிலிருந்து அடித்து வந்த முள்கம்பி, வீடுகளையும் ரயில் பெட்டிகளையும் மனிதர்களையும் சேர்த்துச் சுருட்டி, ஊரில் இருந்த கல் ரயில் பாலத்தில் போய் அடைத்துக்கொண்டது. அந்தக் குவியல் அப்புறம் தீப்பிடித்தது. தண்ணீரில் தப்பியவர்கள் அங்கே நெருப்பில் செத்தார்கள்.

இந்த வெள்ளத்தைப் பற்றி ஆஸ்கர் வாங்கிய குறும்படம் ஒன்று அங்கே உண்டு. அரை மணி நேரத்துக்கும் குறைவு, தவறவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

செத்தவர்கள் 2,200 பேருக்கு மேல். அதில் அடையாளம் தெரியாதவர்களே 700க்கு மேல். கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் பெயரில்லாத வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. வழக்குப் போட்டும் கிளப்பிடமிருந்து ஒருவருக்கும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. கார்னெகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். இந்த அருங்காட்சியகம் இருப்பதே அந்தக் கட்டடத்தில்தான். அழகான செங்கல் கட்டடம், குறை சொல்ல முடியாது. எனக்குத்தான் அண்ணாந்து பார்த்து ரசிக்க மனம் வரவில்லை.

என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அணை, அருங்காட்சியகம், கல்லறை மூன்றுக்கும் ஒரு முழு நாள் வேண்டும், காரும் வேண்டும்.